உயிரோடிருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. மண்கும்பானிலும் சுற்றுவட்டத்திலும் அந்த வரலாற்றை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நான்தான். தமிழ் படிப்பிக்கிற ரீச்சர் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

அந்த வேலை எனக்கு வெறுத்துப் பல காலம். செத்தவீட்டில் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தருவார்கள். அப்பா என்ன செய்தவர் என்று கேட்டால் தோட்டம் என்பார்கள். சின்ன வயதில் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எண்பது வருடம் வாழ்ந்த மனிதனைப் பற்றிப் பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்றரை வசனத்துக்கு மேல் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிச்சத்தை "விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இல்லறத்தை நல்லறமாக நடத்தி" என்று நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். ஆளுக்கு ஆள் பெயரை மாற்றினால் போதும்.

இந்த வருடம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுத் தொடங்கிய நாளிலிருந்து மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதைப்பு. மாமா என் கணவரின் அப்பா. மாமி போன பிறகு எங்களோடு இருக்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால், அடுப்பில் கறியை விட்டுவிட்டு ஓடிவந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். இவருக்கும் அதே வசனத்தைத்தானே எழுதப்போகிறேன் என்று நினைத்தால் சோறு இறங்காது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, உங்கடை கதையைச் சொல்லுங்கோ. எழுதி வைக்கப்போறன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கல்வெட்டு எழுதுகிறவள் கொப்பியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம், எழுதும். வீட்டுக்குள்ளை வேண்டாம். படலையடியிலை கதிரையைப் போடும்."

"அங்கை காத்தெல்லோ மாமா?"

"காத்து நல்லது."

வேலியின் வாசற்கதவான படலையடியில் இருந்தால் தெருவால் போகிற சைக்கிள், ஓட்டோ எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகும். புழுதி கண்ணுக்குள் விழுந்தது, கொப்பித் தாள் படபடத்தது. மாமாவுக்குக் கதை சொல்லவும் தெரியாது. இளந்தாரியாகத் தெற்கே காலி நகரத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்றதைத் தொடங்கினால், அந்தக் கடை அலுமாரியின் பூட்டோடு அரை மணித்தியாலம் போய்விடும். நான் காலை ஆட்டிக்கொண்டு, எப்போது வள்ளத்துக்கு வருவார் என்று காத்திருந்தேன்.

வள்ளக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் தீவுக்குச் சண்டை நெருங்கிவிட்டது என்று ஊரே வள்ளம் ஏறி யாழ்ப்பாணப் பக்கம் போன நாள். மாமியையும் இரண்டு பெடியன்களையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிய மாமா, மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று கடைசி நேரத்தில் இறங்கிப் போய்விட்டார். வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போனது. திரும்ப ஒருவரை ஒருவர் பார்க்க வருடக்கணக்கானது. என் கணவர் அப்போது மாமியின் மடியில் இருந்த குழந்தை, அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மூத்த மகனான பெரியத்தானுக்கு எல்லாம் நினைவிருந்தது. எங்களைவிட இவருக்கு மாடு பெரிது என்ற எண்ணத்தோடு அவர் கனடாவுக்குப் போனார். தம்பியோடு ஒவ்வொரு கிழமையும் கதைப்பார், அப்பாவிடம் போனைக் கொடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாமியின் கல்வெட்டுக்கு அவர் போனில் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: "கால்நடைகளைப் பிரிய மனமில்லாத கணவரை ஊரில் விட்டு, பிள்ளைகளுடன் தனியே கடல் கடந்தார்." மாமா அதை வாசித்தார். அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

இரண்டாம் நாள் நான் பொறுமை இழந்து கேட்டேவிட்டேன்.

"மாமா, அந்த மாடுகளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"எந்த மாடு?"

"நீங்கள் அவிழ்க்கப் போன மாடு."

"அதுகளை நான் விடியவே அவிட்டு விட்டிட்டனே."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"வள்ளத்திலை சனம் கூடிப்போச்சு, பிள்ளை. தண்ணி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிண்டது. ஓட்டி என்ரை முகத்தைப் பாத்தான், வாய் திறக்கேல்லை. நான் சும்மா இறங்கினால் மாமியும் பிள்ளையளோடை இறங்கியிருப்பா. அதுதான் மாடு எண்டு சொன்னனான்."

"இதைப் பெரியத்தானுக்குச் சொன்னனீங்களோ?"

"அவன் கேக்கேல்லை."

"கேக்காட்டிலும் சொல்லியிருக்கலாமே!"

"பெத்த பிள்ளைக்கு நான் உயிர்ப்பிச்சை போட்டனான் எண்டு தகப்பன் தானாய்ச் சொல்லித் திரியிறதோ? கேட்டால்தானே சொல்லலாம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருடம் ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கும் ஒரு கேள்வி வாயில் வரவில்லை. ஊரார் வீட்டில் வரலாறு கேட்டுத் திரிந்த எனக்கும்தான்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"மாமாவுக்குக் கடுமையோ? டொக்ரர் கைவிட்டிட்டாராம் எண்டு கதைக்கினம். நீர் இருந்து கல்வெட்டு எழுதுறீராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் செய்தி கடல் கடந்துவிட்டிருந்தது. லண்டனிலிருந்து, பாரிசிலிருந்து, கண்டும் காணாத சொந்தமெல்லாம் போன் எடுத்தது. ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி வாய் நொந்துபோனது. போய்ப் படலையடியில் கிடந்த என் கதிரையைத் தூக்கினேன்.

"உள்ளை வாங்கோ மாமா. ஊர் உங்களைச் சாக்காட்டிப்போட்டுது."

"இரும் பிள்ளை. இன்னும் ரெண்டு நாளைக்கு இதிலை இருந்து எழுதும்."

"ஏன்?"

அவர் என் போனை ஒருதரம் பார்த்தார். படலையடியில் கதிரை போடச் சொன்ன காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோளகத்துக்கு முகம் கொடுத்துக்கொண்டு அந்த மனிதர் ஒரே ஒரு போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வராவிட்டால் என்ன செய்வார் என்ற நினைப்பில் அன்று எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டினேன்.

பொழுதுபட்டு வரும்போது போன் அடித்தது. பெரியத்தான்தான்.

"அப்பாவுக்கு என்னவாம்?"

"நீங்களே கேளுங்கோ" என்று சத்தத்தைக் கூட்டி மாமாவின் கையில் கொடுத்தேன்.

"அப்பா..."

"ஓம் தம்பி."

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. அங்கை குளிரோ?"

"இப்ப இல்லை. அங்கை மழையோ?"

"மழை இல்லை. காத்துத்தான்."

நான் பல்லைக் கடித்தேன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை! இன்னொரு நிமிடம் விட்டால் "சரி, வைக்கிறன்" என்று முடித்துவிடுவார்கள். குனிந்து போனுக்குள் கத்தினேன்.

"பெரியத்தான், அண்டைக்கு ஏன் வள்ளத்தாலை இறங்கினவர் எண்டு கேளுங்கோ!"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல,

"ஏனப்பா இறங்கினீங்கள்?"

மாமா போனைக் காதோடு ஒட்டிப் பிடித்து, என்னை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் குசினிக்குப் போனேன். காற்று ஒரு சொல்லைக்கூட உள்ளே கொண்டுவரவில்லை. தேங்காயைத் துருவத் தொடங்கி நிறுத்தினேன், திரும்பத் தொடங்கினேன்.

நன்றாக இருண்ட பிறகு மாமா வந்து போனை நீட்டினார். கண் சிவந்திருந்தது. புழுதி என்று சொல்லிக்கொண்டு தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். தன் அறை வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பிள்ளை, எனக்கு எழுதேக்கை மாட்டைப் போடாதையும்."