பெருச்சாளி தோண்டிய மனை

என் அக்காவுக்கு அலுவலகத்தில் பெருச்சாளி என்று பெயர். நிலம் வாங்கப்போகிறவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அங்கே முன்பு என்ன இருந்தது, எதைக் கொட்டினார்கள், குடியிருந்தால் உடம்புக்கு ஆகுமா என்று குழி போட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. முதல் குழியிலேயே மண் கெட்டது என்று தெரிந்துவிட்டால், அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்பாள். சோம்பேறிப் பெருச்சாளி என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

வாடகை வீடுகளில் அலுத்துப்போய் நானும் கணவரும் ஒரு மனை பார்த்தோம். “முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க அக்கா பாக்கட்டும்” என்றார் அவர். எனக்கு இஷ்டமில்லை. அவள் வாயில் நல்ல வார்த்தை வராதே. நானோ மனசுக்குள் சமையலறைக்கு ஜன்னலே வைத்துவிட்டேன்.

அந்தச் சமையலறை வரவேண்டிய இடத்தில்தான் அக்கா துளைக்கருவியைத் திருகி இறக்கினாள். மண் கறுப்பாக வந்தது. அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினாள். ஆனால் கிளம்பவில்லை. தள்ளிப்போய் இன்னொரு குழி. அப்புறம் இன்னொன்று. எனக்கு ஆசை முளைத்தது. வெயில் ஏறியும் அவள் விடவில்லை. நான்கு மூலையையும் பார்த்த பிறகுதான் வந்து உட்கார்ந்தாள்.

“வேணாம்டி. லாரி பட்டறை இருந்த இடம். பழைய ஆயிலெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. உன் பொண்ணு மண்ணைத் தின்னுற வயசு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மொத குழியிலயே தெரிஞ்சிருக்கும்ல? அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இவ்வளவு நேரம் எதுக்கு எனக்கு ஆசை காட்டின?”

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

“தெரிஞ்சுதுடி. ஒரு மூலையாவது நல்லா இருந்தா, அங்க சின்னதா கட்டிக்குவியேன்னுதான் தேடினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து ஊதிவிட்டேன். பிறகு அவளை அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு, அவள் தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாக நானே மூடினேன்.