நாற்பத்து மூன்றாம் குடிசையின் பூட்டு

நான் பொய் எழுதினேன். அரசாங்கப் படிவத்தில், நீல மையில், என் கையெழுத்தோடு. “மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது” என்று எழுதினேன். நான் போனது ஒரே ஒரு முறை!

இது ஒரு பெரிய குற்றமா என்று கேட்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு மே மாதம். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். விடுமுறையில் எங்களை யார் சும்மா விட்டார்கள்? எதை எண்ண வேண்டுமானாலும் இந்த நகரத்துக்கு வாத்தியார்கள்தான் அகப்படுவார்கள்! அந்த ஆண்டு மந்தைவெளிக் கால்வாய்க்கரைக் குடிசைகளை எண்ணச் சொன்னார்கள். பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. குடிசைகள் போய்விடும். கணக்கில் வந்தவர்களுக்கு டோக்கன். டோக்கன் இருந்தால் வேளச்சேரிக்கு அப்பால் ஒரு மனை. கணக்கில் வராதவர்களுக்கு ஒன்றுமில்லை.

எண்ணிய கதவில் சுண்ணாம்பால் எண் போட வேண்டும். பூட்டிய வீடென்றால் மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்றாவது மாலையில். அக்கம்பக்கத்தார் பேச்சை ஏற்கக் கூடாது. எங்களுக்கு விதிகளை விளக்கிய அதிகாரி மேசையைத் தட்டிச் சொன்னார்: “பாதிப் பேர் வெளியூர்க்காரங்க டீச்சர். மனை கிடைக்கும்னு நேத்து வந்து குடிசை போட்டவங்க. பாவ புண்ணியம் பார்க்காதீங்க.”

வெளியூர்க்காரர்கள்! என் மாமனார் கும்பகோணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர். அவர் உள்ளூர்க்காரர்தானா என்று கதவில் சுண்ணாம்பு போட்டு யார் எண்ணினார்கள்? இன்று நினைத்தாலும் எரிச்சல் மண்டுகிறது... ஆனால் அன்று நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாற்பத்து மூன்றாம் குடிசையில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்கியது. பக்கத்துக் குடிசைப் பெண் எட்டிப் பார்த்தாள். “எல்லம்மா வூடும்மா. பன்னெண்டு வருசமா இங்கதான் கீது. வூட்டுக்காரரு கொத்து வேலைக்குப் போய்க்கீறாரு. அது மைலாப்பூர்ல பாத்திரம் தேய்க்கப் போய்க்கீது.”

எனக்குத் தெரியாதா? எல்லம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது என் வீட்டில்! “குக்கரை ஊறப் போடு” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நான் படியிறங்கியிருந்தேன். பள்ளி வேலையாகப் போகிறேன் என்று மட்டுமே அவளுக்குத் தெரியும்.

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். ரேஷன் கார்டு கேட்டுப் போனால் வாடகை ரசீது கொண்டு வா என்பார்கள். குடிசைக்கு ஏது ரசீது? இந்த நகரத்துக்கு அவள் மணல் சுமக்க வேண்டும், எச்சில் தட்டைக் கழுவ வேண்டும். அவள் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறிவிடக் கூடாது. என்ன நியாயம் இது!

நகரத்தைத் திட்டுவது எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா? நான் என்ன செய்தேன்? மாலையில் பத்து நிமிடம் நடந்திருந்தால் போதும். வெயில், கால்வலி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். டோக்கன் கிடைத்தால் எல்லம்மா வேளச்சேரிக்கு அப்பால் போய்விடுவாள். ஜூனில் பள்ளி திறந்தால் என் வீட்டுப் பாத்திரத்தை யார் தேய்ப்பது? இதுதான் காரணம். வேறெதுவும் இல்லை!

அந்த வாரம் முழுவதும் அவள் மாலை வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடினாள். “கணக்கெடுக்கறவங்க சாய்ந்தரம் மறுபடி வருவாங்களாம்மா. வூட்ல ஆள் இருக்கணுமாம்.” நான் “போ, போ” என்றேன். ஐயோ... எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது என்னால்?

ஆகஸ்டில் குடிசைகளைப் பிரித்தார்கள். மற்றவர்கள் லாரியில் ஏறிப் போனார்கள். எல்லம்மாவும் கணவனும் மகளும் மூட்டைகளோடு மார்க்கெட் அருகே நடைபாதைக்கு வந்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்து நின்றாள். “எம் பேரே இல்லேன்றாங்கம்மா. ஒரு மனு எழுதிக் குடும்மா.”

எழுதினேன்! என் பொய்யை எதிர்த்து நானே மனு எழுதினேன். “பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வரும்” என்று தொடங்கி, பிழையில்லாமல், முத்து முத்தாக. அவள் கைநாட்டு வைத்தாள். அவளுக்கு முகவரி இல்லாததால் என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

பதில் வந்தது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே நின்றாள். நான் படித்துக் காட்டினேன்: “மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது.” என் வாக்கியம்! ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

எல்லம்மாவுக்குக் கோபம் வரவில்லை. “சாய்ந்தரமெல்லாம் வாசல்லயே குந்திக்கினு இருந்தேனேம்மா... காலைலதான் வந்திருப்பாங்க, பாவம். உங்க வூட்டுக்கு வரணும்னு நான்தானே பூட்டிக்கினு வந்தேன். அவங்க இன்னா பண்ணுவாங்க?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்... சொன்னது என்ன தெரியுமா? “நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்.”

வந்தாள். நடைபாதையிலிருந்து, விடியும்போதே வந்தாள். அதன்பின் நான்கு ஆண்டுகள், நான் ஆசைப்பட்டபடியே, தினமும் வந்து என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். நான் ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை.