புரத சார்

கோட்டு முதுகில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது... மழை ஈரம் என்றுதான் நினைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு ஹைஸ்கூல். நான் டெம்பரரி ஃபிசிக்ஸ் வாத்தியார். குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் நாசரேத்துக்கு, அப்பா முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

துணிக்கு ரேஷன் இருந்த காலம். இருந்த ஒரே வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். இரவல் சைக்கிள். பின் சக்கரத்துக்கு மட்கார்டு கிடையாது. விடியற்காலை பெய்த மழையில் வழியெல்லாம் கரிசல் சேறு. எனக்கு என்ன தெரியும், முதுகிலா கண் இருக்கிறது!

பாடம் வட்ட இயக்கம். காலேஜில் எல்லாம் இங்கிலீஷில் படித்தவன், இங்கே தமிழில் நடத்த வேண்டும். 'டேஞ்சன்ட்' என்று நாக்கு நுனி வரை வரும்... அதை விழுங்கிவிட்டு 'தொடுகோடு' என்பேன்.

வட்டம் போட போர்டு பக்கம் திரும்பினேன். பின்னால் குசுகுசுவென்று சத்தம்.

"புரத... புரத..."

திரும்பினால் அமைதி. மறுபடி போர்டைப் பார்த்தால், "புரத!"

பாதிப் பையன்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். இந்தப் பயல்களுக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது! கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர் வேறு மீசைக்குள் சிரிக்கிற மாதிரி இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

அவர் எழுந்து கேட்டார். "தம்பிகளா, கயித்துல கல்லைக் கட்டிச் சுத்தறீங்க. கயிறு அறுந்தா கல்லு எப்படிப் போகும்?"

பயல்கள் ஒருத்தனை ஒருத்தன் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தொடுகோடு, தொடுகோடு என்று நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எங்கே போனதோ.

முதல் பெஞ்சு சுப்பராஜு எழுந்தான். "புரத போற மாதிரி போவும் சார்."

"ஏலே!" என்று பாய்ந்துவிட்டேன்.

"வையாதீங்க சார். புரதன்னா சேறு. சைக்கிள் சக்கரத்துல ஒட்டிச் சுத்துதுல்லா... பிடி விட்டதும், விட்ட எடத்துலேர்ந்து நேரா கெளம்பும். பொறவு பூமி இழுக்க, வளைஞ்சு வந்து விழும்." என் முதுகுப் பக்கம் விரலைக் காட்டினான். "உங்க முதுகுல விழுந்திருக்கு சார். அதைச் சொல்லத்தான் அம்புட்டுப் பேரும் தவிச்சோம்."

கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஒரு பட்டை. உள்ளே சட்டை இல்லை, பனியனும் கிழிசல் என்பது கழற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், நண்பர்களே.

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் நெல்லூர்க்காரன் ஐயா. இவங்க சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வந்ததுலேர்ந்து உங்க முதுகைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்."

போகும்போது ஹெட்மாஸ்டரிடம், "இவரை விட்றாதீங்க. ஒரு மட்கார்டு மட்டும் வாங்கச் சொல்லுங்க" என்றாராம்.

வேலை நிலைத்தது. பெயரும் நிலைத்தது... ரிட்டையர் ஆகும் வரை நான் புரத சார்தான். கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது கொள்ளுப் பேரன் அதே பாடத்தை மொபைலில் படிக்கிறான். வட்டம் தானாகச் சுற்றுகிறது, அம்புக்குறிகள் கலர் கலராகப் பறக்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் வாத்தியாருக்காக ஒரு வகுப்பே தவித்துப் போவதெல்லாம் அதில் வராது.

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ என் முதுகைத் தடவினார்கள். திரும்பினால் சுப்பராஜு. கையில் கம்பு, வாயில் பல் இல்லை.

"என்னல?"

"புரத இருக்கான்னு பாத்தேன் சார். ஒண்ணும் இல்ல... நீங்க போய் உக்காருங்க."