லைனை வைக்காத அக்கா

கறுப்பு டெலிபோனின் ரிசீவர் மேசைமேல் மல்லாந்து கிடக்கும். பக்கத்தில் டைப்ரைட்டர். அதன் முன்னால் வியர்த்து வழிந்தபடி நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியின் மாடியறையில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ஆள் பாதியில் மறந்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள். என்னைத் தெரிந்தவர்கள் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ரிசீவர் மறந்து வைத்ததல்ல. அதன் மறுமுனையில், கீழ்த்தளத்தில், எங்கள் டெலிபோன் ஆப்பரேட்டர் அக்கா உட்கார்ந்திருந்தார். என் டைப்ரைட்டரின் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கத்துறைப் பாரம் அடித்துக் கொடுக்க வேண்டும். படிவத்தை எங்கள் ஊரில் பாரம் என்போம். எனக்கு அது இரண்டு அர்த்தத்திலும் பாரம்தான். நடுநடுவே கார்பன் தாள் வைத்த நான்கு பிரதிகள். ஓர் எண் பிசகினால் நான்கும் குப்பைக்கு. முதல் வரியில் கப்பலின் பெயரை அடிப்பேன். அது எந்த ஊர்க் கப்பல் என்று யோசனை போகும். சுவரிலிருந்த உலகப் படத்தில் அந்த ஊரைத் தேட எழுந்திருப்பேன். போகிற வழியில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே லோரி, லோரிக்காரரோடு ஒரு பேச்சு. திரும்பி வந்தால் அந்தப் பாரத்தில் கப்பல் மட்டும் தனியாக நிற்கும், சரக்கே இல்லாமல். என்னைச் சோம்பேறி என்றார்கள். நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன், வேலை இருந்த திசையில் மட்டும் ஓடவில்லை. ஒரு வருடத்துக்குள் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கினேன். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலோ சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான்.

அக்கா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அதிகம் பேசமாட்டார், பேசுவதெல்லாம் அடுத்தவருக்காக. என் கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் தரச் சொல்வேன். அவர் இணைப்புத் தருவதற்குள் யாரைக் கேட்டேன் என்பது எனக்கு மறந்துபோயிருக்கும். ஒருநாள் எதிர்முனையில் ஹலோ என்ற மனிதரிடம், “நீங்க யாரு பேசறீங்க, எதுக்குப் பேசறீங்க?” என்று மரியாதையாக விசாரித்தேன். நீதானே கூப்பிட்டாய் என்று அவர் சீறினார். அன்றிலிருந்து அக்கா எனக்கு லைன் கொடுப்பதற்கு முன்னால், மேருவில் கையுறை ஃபேக்டரி, மேனேஜர் பேசுகிறார், பொருள் எப்போது வரும் என்று நீ சொல்ல வேண்டும் என்று மூன்று துண்டாக என் காதில் போட்டுவிடுவார்.

பாரத்துக்கும் அவர்தான் வழி கண்டுபிடித்தார். ஒருநாள் பேசி முடித்தபின் ரிசீவரைச் சரியாக வைக்காமல் டைப் அடிக்கத் தொடங்கியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்ன தம்பி, சத்தத்தக் காணோம்?” திடுக்கிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். அந்தப் பாரம் அரைமணி நேரத்தில் முடிந்தது, என் வரலாற்றிலேயே முதல் முறையாக. அதன்பின் பெரிய பாரம் வந்தால் நானே கூப்பிட்டு ரிசீவரை மல்லாத்தி வைத்துவிடுவேன். அவர் மற்ற டெலிபோன் கால்களை எடுத்துக் கொடுத்துவிட்டு என் லைனுக்குத் திரும்பி வருவார். நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மேரு ஃபேக்டரியின் மெஷின் பாகம் துறைமுகத்தில் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காகச் சுங்கத்துறை கவுண்டரைப் பன்னிரண்டேகாலுக்கு மூடிவிடுவார்கள், மறுபடி திறக்க மூன்று மணி ஆகிவிடும். காலையிலிருந்து மூன்று செட் பாரத்தைக் கெடுத்திருந்தேன். பதினொன்றரைக்கு அக்காவைக் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்த வேலை எங்கே தேடுவது என்பதுவரை மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நல்ல வேகம். அக்கா சொன்னார்: “இன்னிக்கு நான் எங்கயும் போகல. அடி.”

அடித்தேன். பன்னிரண்டுக்கு லோரிக்கார அண்ணன் பாரத்தோடு பறந்தார். அந்த அரைமணி நேரத்தில் மஸ்ஜித் இந்தியாவிலிருந்த தலைமை அலுவலகத்திலிருந்து முதலாளி ஆறு தடவை கூப்பிட்டதும், டெலிபோன் போர்டில் விளக்குகள் மினுங்க அக்கா எதையும் எடுக்காமல் இருந்ததும் எனக்குத் தெரியாது. மாலையில் திரும்பி வந்த லோரிக்கார அண்ணன்தான் சொன்னார். முதலாளி நேரிலேயே வந்து கீழ்த்தளத்தில் நின்று கத்தினாராம். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்காரரிடம் என்றாராம் அக்கா. பதினோரு வருடத்தில் அவர் வாங்கிய முதல் எச்சரிக்கைக் கடிதம் அது.

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் அக்காவின் பெயரில் நிற்கும். முதலாளி அறைக்குள் போனேன். வரும் வழியில் மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் ‘அக்கா’ என்று எழுதியிருந்தேன். வியர்வையில் அதுவும் அழிந்துவிட்டது.

“முதலாளி, அந்த லைன்ல இருந்தது அவங்க வீட்டுக்காரரு இல்ல. நான்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “கல்யாணம் ஆன பொண்ணுப்பா அது,” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

ஒரு மனிதனுக்கு எத்தனை வகையில் வியர்க்கும் என்று அன்று கற்றுக்கொண்டேன். ஐயோ இல்லை, நாங்கள் பேசவே இல்லை, அவர் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தார் என்று உளறினேன். எதை என்றார். நான் டைப் அடிப்பதை என்றேன். அது அவருக்கு முன்னதைவிட மோசமாகப் பட்டிருக்க வேண்டும். செய்து காட்டு என்பதுபோல் தன் டைப்ரைட்டரை என் பக்கம் தள்ளி, டெலிபோனைக் காட்டினார். அக்காவைக் கூப்பிட்டு, ஒரு பாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி ரிசீவரை மல்லாத்தி வைத்தேன். நான்கு வரி அடித்தேன். சுவரில் ஒரு காலண்டர், அதில் ஒரு யானை. யானைக்கு ஒரு தந்தம் மட்டும் ஏன் குட்டை?

“தம்பி, சத்தத்தக் காணோம்.”

முதலாளி ரிசீவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தப் பொண்ணுக்குக் குடுத்த லெட்டர வாங்கிட்டு வா,” என்றார். “இனிமே கம்பெனி கால் வந்தா மொதல்ல அத எடுக்கச் சொல்லு. அப்புறமா உன்னக் கேக்கட்டும்.” மூன்றாவது கடிதம் எனக்கு வரவேயில்லை. பொய்யைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று அக்கா மட்டும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

போன மாதம், ஐம்பத்தேழு வயதில், ஒரு டாக்டர் எனக்கு ஏடிஎச்டி என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத மூளை, பிறவியிலேயே அப்படி, சோம்பேறித்தனம் இல்லை என்றார். இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் சும்மா இருந்தாலே வேலை ஓடும் என்றும் சொன்னார். அதற்குக்கூட ஏதோ பெயர் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். மகளோடு பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சோம்பேறி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரா? இத நான் அப்பவே சொன்னேன்லா,” என்றார். அந்தக் காலத்தில் உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு கொடுத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“என்ன தொந்தரவு? இருபது வருஷம் அந்த போர்டுல ஒக்காந்திருந்தேன். ரெண்டு பேரச் சேத்து வெக்கணும், அவங்க ஹலோ சொன்னதும் நான் வெளிய வந்துரணும். உன் லைன்ல மட்டுந்தான் தம்பி, என்னப் போகச் சொல்லல.”