கால் உடைந்த ஏழு

மேஸ்திரி பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். அதிலும் ஒரு வருஷம் அம்மை கண்டு படுத்ததில் போச்சு. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பழைய துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், எந்தப் பாகம் சொந்தம், எந்தப் பாகம் இரவல் என்று தடவியே சொல்லிவிடுவார். ஆயுதக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் அரம் பிடித்த கை. பெரிய பெரிய அதிகாரிகளே, "மேஸ்திரி பார்த்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்கள். சிபாரிசு கிடையாது, அப்பன் சொத்து கிடையாது. எல்லாம் தானே சம்பாதித்த பேர்.

அப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு, அருங்காட்சியகத்தில் அவருடைய சகலையைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சகலை தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் ஒரு திருகாணியைக் கழற்றியதில்லை. ஓய்வுக்கு அப்புறம் தடித்தடியாகப் புத்தகம் வாங்கிப் படித்துத் துப்பாக்கி நிபுணர் ஆகிவிட்டார்.

"பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒண்ணு வந்திருக்காம். அது எந்த ஆலை, எந்த வருஷம்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு அவர் பேரை அட்டையில போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கப் போறாங்களாம்" என்றாள் மேஸ்திரியின் மனைவி. தங்கச்சி புருஷன் ஆயிற்றே, அவளுக்குப் பெருமை.

"அந்தத் தபால்காரன் பேரையா?"

"தபால்காரர் இல்லைங்க, போஸ்ட்மாஸ்டர்."

"என்ன மாஸ்டரோ! முத்திரை குத்தின ஆள்தானே?"

சொல்லிவிட்டாரே தவிர, வயிறு எரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூப்பிடாத இடத்துக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் போனார்.

அருங்காட்சியகத்தின் பின்னறையில், மேஜையில் விரித்த கம்பளி மேல் துப்பாக்கி கிடந்தது. சகலை பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றார். பக்கத்தில் பொறுப்பாளர் அம்மா, நோட்டும் பேனாவுமாக.

"வாங்கண்ணே, வாங்க! நீங்களும் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் சகலை. அந்த மரியாதைதான் மேஸ்திரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சகலை விளக்கினார். "இந்த முத்திரை எந்த ஆலைன்னு சொல்லுது. கீழ இருக்கிறது வருஷம். குழல்லயும் போல்ட்லயும் ஒரே நம்பர். ஆகமொத்தம் ஒரு பாகம்கூட மாறல மேடம். ஆலையை விட்டு வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"அப்போ நடுக்கூடத்துலயே வெச்சுடலாம்" என்றார் அந்த அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

ஆலையும் சரி, வருஷமும் சரி. அதுதான் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. புத்தகம் படித்தவனுக்கு இவ்வளவு தெரியலாமா? ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று, குழலுக்குப் பின்னால் தோட்டாவைத் தள்ளி அடைக்கிற போல்ட்டை இழுத்து வெளியே எடுத்தார். அதன் கைப்பிடியில் இருந்த எண்ணைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

கடைசி எண் ஏழு. அந்த ஏழுக்குக் கால் நுனி இல்லை.

மேஸ்திரி அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த போல்ட் இந்தத் துப்பாக்கியோடது இல்ல."

"எப்படிண்ணே? நம்பர் ஒத்துப்போகுதே!"

"ஒத்துப்போகாம என்ன செய்யும்? அடிச்சதே நான்தானே!"

மேஸ்திரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். போல்ட் கெட்டுப்போனால் வேறு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து, கச்சிதமாக உட்காருகிறதா என்று பார்த்து, பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டு இந்தத் துப்பாக்கியின் எண்ணை அடிக்க வேண்டும். அதுதான் கிடங்கு வழக்கம். எண் அடிக்கிற உளிகளில் ஏழாம் நம்பர் ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்து கால் உடைந்தது. புது உளி கேட்டு எழுதினார்கள், வரவேயில்லை. பதினோரு வருஷம் அவர் அடித்த ஏழெல்லாம் நொண்டி ஏழுதான்.

"ராவின பள்ளம் விரலுக்கே தெரியும். குழல்ல இருக்கிற ஏழையும் பாருங்கம்மா. அது முழுக் காலோட நிக்குது."

அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சகலையின் பூதக்கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது. ஒழிந்தது அட்டை என்று மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார்.

அட்டை ஒழியவில்லை. ஆலையும் வருஷமும் சகலை சொன்னது சரிதானே, அவர் பேர் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார் அந்த அம்மா. மேஸ்திரியின் முகம் கறுத்தது. ஆனால் அந்த அம்மாவின் பேனா நிற்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதி வாசித்தார்: "போல்ட்டைப் பொருத்தி எண் பொறித்தவர்" என்று தொடங்கி, மேஸ்திரியின் முழுப் பேர்.

"இங்க இருக்கிற எதையும் தொட்டு வேலை செஞ்ச ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாது ஐயா. இது ஒண்ணுக்குத்தான் தெரியும். இது நடுக்கூடத்துக்குத்தான் போகுது."

சகலை அந்த ஏழையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரு அட்டையில இருக்கும். அட்டையை நாளைக்கே மாத்திடலாம். நீங்க இரும்புலயே இருக்கீங்கண்ணே" என்றார். குரலில் பழைய மரியாதை இருந்தது, பழைய சிரிப்பு இல்லை.

மதியம் மேஸ்திரி இலையில் உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்: "அங்க என்னத்தைச் சொல்லிட்டு வந்தீங்க? சாப்பாடே வேண்டாம்னு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துட்டாராம். தங்கச்சி போன்ல புலம்புறா."

"அடப் பாவமே" என்றார் மேஸ்திரி. "குழம்பு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."