பின்னால் ஓர் இலக்கம்

கணவர் இறந்ததும் நான் இத்தாவில் அமர்ந்தேன். அந்தத் துக்கக் காலம் முடியும்வரை வீட்டுப் படி இறங்கக் கூடாது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், எங்கள் இரும்புக் கடைக்கு மேலேதான் வீடு. கடையைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டார். சமையலை என் மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. அழுகையும் ஒருநாள் நின்றது. கீழே கம்பி இறக்கும் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன்.

அப்போதுதான் கல்லூரியில் கணிதம் படித்தபோது கேள்விப்பட்ட எண் ஒன்று நினைவுக்கு வந்தது: 73939133. அது பகா எண். கடைசி இலக்கத்தை அழித்தால் 7393913. அதுவும் பகா எண். அழித்துக்கொண்டே போய் 7 மட்டும் மிஞ்சும்வரை எதுவும் வகுபடாது. இந்த வகையில் இதுவே மிகப் பெரியது. இதன் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் பகா எண் கிடைக்காது. அன்று அதை அப்படியே நம்பிவிட்டேன். இப்போது சரிபார்க்கப் பொழுது கிடந்தது.

இரட்டைப்படை இலக்கங்களும் ஐந்தும் பார்த்தவுடனே கழிந்தன. ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டது. மூன்றும் ஒன்பதும்தான் மிச்சம். நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் வகுத்துக்கொண்டே போனேன். மீதி வந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா எழுதிக்கினே கீற?" என்றார் மாமி.

"ஒரு நம்பர் எதுல வகுபடும்னு தேடுறேன் மாமி."

"கெடச்சுதா?"

"தெரியல."

மாமி பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் இதே ரூம்லதான் இத்தா இருந்தேன். பல்லியப் பாத்துக்கினு கெடந்தேன். இது தேவல, எழுது."

இத்தா முடிய இருந்தபோது, சின்னசேலத்தில் அம்மா வீட்டில் தங்கிப் பள்ளியில் வேலை தேடப்போவதாகக் கொழுந்தனிடம் சொன்னேன்.

"எதுக்கு அண்ணி? இங்க உங்களுக்கு இன்னா கம்மி?" என்றார்.

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கண் கலங்கிக் கேட்டார்.

இத்தா முடிந்த அன்று கொழுந்தனின் போனை வாங்கி, மூன்றும் ஒன்பதும் சேர்த்த அந்த இரண்டு எண்களையும் போட்டேன். நான் இத்தனை நாள் தேடியதை அது கண் இமைப்பதற்குள் முடித்து, இரண்டும் பகா எண் இல்லை என்று காட்டியது. எதனால் வகுபடுகின்றன என்று பார்க்கப் பிடிக்கவில்லை. யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே மாமியிடம் போய், ஊருக்குப் போகிறேன் என்றேன்.

"போயிட்டு வரட்டும்டா," என்றார் மாமி மகனிடம்.

அம்மா வீட்டில் தங்கியபோது பள்ளி ஒன்றில் பேசிவிட்டு வந்தேன். மறுநாளே கொழுந்தன் போன் செய்தார். "எப்ப வரீங்க அண்ணி? இங்க அம்மா சரியா சாப்புடறதில்ல."

திரும்பி வந்தேன். மாலையில் மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாமி மட்டும் தினமும், "இன்னா சொன்ன?" என்று கேட்கிறார்.