இருப்புக் கொள்ளாத கோணாமலை சேர்

கோணாமலை சேரை ஓர் இடத்தில் உட்காரவைத்துப் பேசினேன் என்று சொல்லக்கூடியவர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடியில் ஒருவரும் இல்லை. சோறு தின்னும்போதுகூட அவருடைய ஒரு கால் செருப்புக்குள்தான் இருக்கும். கணித ஆசிரியர். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்தாரென்றால், அன்றைக்கு வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில்தான் இறங்குவார். தகப்பனோடு வாவிக்கு இறால் பிடிக்கப் போன பையனைக் கரையில் நின்று கூப்பிட்டு, ஈரக் காற்சட்டையோடு கூட்டிவந்து கணக்குச் செய்யவைத்த ஆள்.

மகள் யசோதினிக்கு அதில்தான் எரிச்சல். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா சீதேவிப்பிள்ளை ஒருத்திதான் பக்கத்தில் இருப்பாள். அப்பா வேறு யாருடைய பிள்ளைக்கோ மருந்து வாங்கப் போயிருப்பார்.

"உங்கட அப்பா ஊருக்கு நேர்ந்துவிட்ட ஆள்கா" என்று அம்மா சிரிப்பாள். யசோதினிக்குச் சிரிப்பு வராது.

அப்பாவை அதட்டக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த பாறூக். இருவரும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறையில் இருந்தவர்கள். பாறூக் பிறகு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வாப்பாவின் கடையைப் பார்க்கப் போய்விட்டார். ஊருக்கும் ஊருக்கும் ஆகாமல் போய், தமிழர் அங்கே போகவும் முஸ்லிம்கள் இங்கே வரவும் பயந்த காலத்தில், இருவரும் நகரத்துப் பொது இடமான புளியந்தீவுத் தபால் கந்தோர் வாசலில் நின்றபடி பேசிவிட்டுப் பிரிவார்கள். நட்பு அறுந்துபோகவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை போயா தினம், பௌர்ணமி விடுமுறை.

"இண்டைக்கெண்டாலும் வீட்டில இருங்களன்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. உயர்தர மாணவருக்கு வாவிப் பக்கமாகக் கிடுகுக் கொட்டிலில் வகுப்பு. யசோதினியும் அந்த வகுப்பில்தான் படித்தாள். இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.

கணக்குப் பாதியில் நிற்கையில் வெளியே ஆட்கள் ஓடினார்கள். "கடல் வருது! கடல் வருது!"

பக்கத்தில் ஒருவர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மேல்தளம் போட்டிருந்தது, சுவர் எழும்பவில்லை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி அதில் ஏற்றினார் சேர். யசோதினி ஏறவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி "அம்மா!" என்று ஓடினாள். அப்பா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கடித்தாள், உதைத்தாள். அவர் அவளை இழுத்துக்கொண்டே படியேறினார். மேலே போன பிறகும் கையை விடவில்லை. கறுப்புத் தண்ணீர் வீடுகளை உருட்டிக்கொண்டு வாவிக்குள் போய் விழுந்ததை அவர்கள் அந்தத் தளத்தில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் வற்றியபோது அவளுடைய மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

அம்மாவைக் கண்டெடுத்தது பாறூக்தான். உழவு இயந்திரத்தில் ஆட்களைக் கூட்டிவந்து தேடியவர், வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் அவள் உடுத்திருந்த தன் கடைச் சாரியை வைத்து அடையாளம் கண்டார். அந்த இடத்துக்கு யசோதினியைப் போகவிடவில்லை.

அப்பா அழுததை அவள் காணவில்லை. அகதிமுகாமில் ஒரு கிழமை போவதற்குள் மரத்தடியில் தறப்பாள் கட்டி வகுப்புத் தொடங்கிவிட்டார். தப்பிய பிள்ளைகள் வந்தார்கள். யசோதினி போகவில்லை. முன்பைவிட மோசமாக அலைந்தார் அவர். விடிந்தால் சைக்கிள், பொழுதுபட்டால்தான் திரும்புவார். இரவில் பாயில் புரண்டுகொண்டே கிடப்பார்.

"டேய் மச்சான், அந்தப் புள்ளைக்கிட்ட கொஞ்சம் இரிடா" என்று பாறூக் ஒருநாள் சத்தம் போட்டார்.

"இருந்தா நெஞ்சு அடைக்குதுடா" என்றார் அப்பா. மறுபடி எழுந்து போய்விட்டார்.

அன்று மாடியில் நின்ற பிள்ளைகளில் உதயரூபனும் ஒருவன். கடல் அவன் வீட்டில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. யசோதினியின் அப்பாவே அவனைத் தன்னோடு வைத்துச் சோறு போட்டுப் படிப்பித்தார். இரண்டு வருடம் கழித்து, வாகரையில் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் ஆயுதக்காரர் அவனைப் பிடித்து வன்னிப் போர்க்களத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பிறகு வீட்டில் வானொலி அணைக்கப்படவேயில்லை. செய்தியில் வன்னி என்ற சொல் வந்தால் அப்பா கையிலிருக்கும் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நிற்பார்.

யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். அடுத்த பஸ்ஸிலேயே அவர் வவுனியாவுக்கு ஏறிவிட்டார். நெஞ்சுவலிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலம். தனியே விடப் பயந்து யசோதினியும் கூடவே போனாள்.

சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். வன்னிச் சனத்தை அடைத்துவைத்த முகாமின் முள்ளுக்கம்பி ஓரம் நெடுகச் சனம். உள்ளேயிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கத்த, வெளியேயிருந்து வேறொருவர் கத்த, எதுவும் யாருக்கும் கேட்காது. அப்பா வெயிலில் வேலி நீளத்துக்கும் நடந்து நடந்து "உதயா! நாவலடி உதயரூபன்!" என்று கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போய்த் திரும்பினார்கள். மறுகிழமை மறுபடி போனார்கள். அப்படிப் பல தடவை.

கடைசியில், சரணடைந்த பெடியன்களை வைத்திருக்கும் வேறொரு முகாமில் அவன் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. வாசலில் இருந்த அதிகாரி கேட்டார்:

"உங்கட மகனா?"

"ஓம்" என்றார் அப்பா, யோசிக்காமல்.

உதயரூபன் ஊன்றுகோலோடு வந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சேரைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான்.

"சாப்பிட்டியா மனே?" என்று கேட்டார் அப்பா. அவன் தலையாட்டினான். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் யசோதினி அவரைப் பார்த்தபடி இருந்தாள். ஐந்து வருடமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்டைக்கு என்னை ஏனப்பா விடல்ல? நான் ஓடியிருந்தா அம்மாவக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"நான் உன்னை மட்டும் பிடிக்கல்ல மகள். உன்ர கைய விட்டிருந்தா நானும் அவளிட்ட ஓடியிருப்பன். மற்றப் புள்ளையள் மேல நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டதுகள். என்னைப் பிடிச்சு வைக்க வேற ஒண்டும் இருக்கல்ல."

பஸ் ஹபரணை தாண்டியது. ஒரு திருப்பத்தில் குலுங்கியபோது அவர் அவள் தோளில் சாய்ந்தார், தூங்கிப்போயிருந்தார். அப்பா பகலில் தூங்கி அவள் கண்டதில்லை. தோள் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

அடுத்த வருடம் உதயரூபனை விட்டார்கள். அப்பாவே போய்க் கூட்டிவந்தார். செயற்கைக் காலுக்கு அலைந்தார், பாறூக்கிடம் சொல்லிக் காத்தான்குடியில் கைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை பழகவிட்டார். கொஞ்சம் ஆறுதலாக இருப்பார் என்று யசோதினி நினைத்தாள். அவரோ முகாமில் கண்ட வேறு பிள்ளைகளின் பெயர் சொல்லி, அவர்களின் தாய்தகப்பனைத் தேடி வாழைச்சேனை, கிரான் என்று கிளம்பிவிட்டார். கிரானுக்குப் போன ஒருநாள், பஸ்ஸால் இறங்கி நடக்கும்போதே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே உயிர் போய்விட்டது.

சாவீட்டுக்கு வந்த சனத்தில் பாதிப்பேரை யசோதினிக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் வந்து "சேர் எங்கட வீட்டுக்கு வருவார்" என்றே தொடங்கினார்கள். சின்ன வயதில் அவளை எரித்த அதே பேச்சு. அன்று அதைக் கேட்கக் கேட்கப் போதவில்லை அவளுக்கு. போக எழும்பியவர்களைக்கூட "இருங்க, மறுகா என்ன சொன்னவர்?" என்று பிடித்துவைத்துக் கேட்டாள்.

பாறூக் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறார். தேத்தண்ணியைக் குடிப்பார். உதயரூபனின் வேலையைப் பற்றி விசாரிப்பார். பேச்சு ஓய்ந்ததும் எழும்புவார், வாசலுக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார்.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்ல புள்ள. மச்சான்ட சத்தம் இல்லாம இரிக்கவும் ஏலாம இரிக்கி, எழும்பிப் போகவும் ஏலாம இரிக்கி."

யசோதினி அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.